பீரோவில் இருந்திருக்க வேண்டிய நோட்டு

ஜன்னலோர இடத்தை ஒருநாளும் எனக்கு விட்டுத்தராத என் ரஹ்மத்துக்கு,

இப்போது அந்த இடம் எனக்குத்தான். சுரண்டையில் ஏறினால் தென்காசி வரைக்கும் ஜன்னல் பக்கம் நான்தான் உட்காருகிறேன். நீ போன புதிதில் கண்டக்டர் அண்ணாச்சி என் பக்கத்தில் யாரையும் உட்கார விடவில்லை. அப்புறம் கூட்டம் வந்துவிட்டது, அவரும் என்ன செய்வார். இப்போது பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் உட்கார்ந்து, வழி முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே வருகிறாள். நல்ல பெண்தான். எனக்குத்தான் அவளைக் கண்டால் எரிச்சலாக வருகிறது.

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டது. காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "போஸ் குடுத்துக் குடுத்து அந்தப் பூவுக்கே கழுத்து வலிக்கும் மைனி" என்று போன வருஷம் சொன்னாய். இந்த வருஷம் அதைச் சொல்ல ஆள் இல்லை.

நல்ல சேதி அவ்வளவுதான். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ரஹ்மத், நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். உன் வகுப்பில் செய்தேன். நீ கொடுத்த சாவியால் உன் பீரோவைத் திறந்து செய்தேன்.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் முதலில் சொல்லிக்கொள்கிறேன். நேரே விஷயத்துக்குப் போக இன்னும் தைரியம் வரவில்லை.

நான் சமூக அறிவியல் டீச்சர். எனக்கும் ஸ்பானிஷுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நீ மெட்ராஸில் ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் ஸ்பானிஷ்காரர்களுக்குப் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள். உன் அம்மாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்கு வந்தாய். குற்றாலம் ரோட்டில் இருக்கிற நம் பள்ளிக்கூடம் உன்னைப் பிடித்துப்போட்டு, வாசல் போர்டில் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறோம் என்று பெரிதாக எழுதிக்கொண்டது. "அத படிச்சா எந்த ஊருக்கு வேலைக்குப் போலாம் டீச்சர்?" என்று சேர்க்கைக்கு வந்த ஒரு அப்பா உன்னைக் கேட்டார். "எங்கனயும் போக வேண்டாம் அண்ணாச்சி, இங்கன இருந்தே பேசலாம்" என்று சொல்லி அவரைக் குழப்பி அனுப்பினாய்.

அன்றன்றைய பாடத்தைப் பஸ்ஸில் என்னிடம் நடத்திப் பார்ப்பாய். நான்தான் உன் மக்கு மாணவி. நாலு வருஷம் அப்படி வந்ததில், ஒட்டவே ஒட்டாது என்று நான் நினைத்த பாஷை பாதி ஒட்டிவிட்டது. நீ போன பிறகு உன் வகுப்பை என் தலையில்தான் கட்டினார்கள்.

ஏழாம் வகுப்புக்கு அந்தத் தினசரிப் பாடம் வரும். எழுந்துகொள்கிறேன், குளித்துக்கொள்கிறேன், தலை சீவிக்கொள்கிறேன் என்று ஒருவர் தனக்குத் தானே செய்துகொள்கிற காரியங்கள். இலக்கணப் பேரைச் சொன்னால் பிள்ளைகள் மிரண்டுவிடும் என்று நீ அந்தப் பேரையே எடுக்க மாட்டாய். ஒரு சீப்பும் கைக்கண்ணாடியும் கொண்டுபோவாய். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அடுத்த பிள்ளைக்குச் சீவிவிடச் சொல்வாய். அப்புறம் தன் தலையைத் தானே சீவச் சொல்லி, "இப்பத்தான் மே பெய்னோ. நம்ம பேச்சுல பின்னால 'கொள்' வந்து ஒட்டுதுல்லா, அந்த வேலைய இந்த 'மே' முன்னாலயே வந்து செய்யுதான்" என்பாய்.

"மெயின் ஃபால்ஸ்ல நின்னா மே பான்யோ, குளிச்சுக்கிடுதேன்னு சொல்லலாமா டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்டானாம். "ஃபால்ஸ்ல நீ எங்கலே குளிக்க? தண்ணில்லா உன்ன அடிச்சுத் தொவைக்குது" என்றாயாம். அதைப் பஸ்ஸில் சொல்லிச் சொல்லி நீயே சிரித்தாய்.

பாடப் புத்தகத்தில் ஒரு பையன் இருக்கிறான். ஏழு மணிக்கு எழுந்துகொள்வான், ஷவரில் குளித்துக்கொள்வான், பத்து மணிக்குப் படுத்துக்கொள்வான். பிள்ளைகள் அவனையே பார்த்து எழுதிக் கொண்டுவரும். உனக்கு அது பிடிக்காது. "அவன் யாருன்னே நமக்குத் தெரியாது. உங்க வீட்டுல நடக்குறத எழுதுங்க. தப்பா எழுதினாலும் சரி, பொய்யா எழுதக் கூடாது" என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லி வளர்த்தாய். எழுதிய நோட்டுகளை உன் பீரோவில் வைத்துப் பூட்டுவாய். "உங்க அம்மா வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்பாய். பரீட்சை முடிந்த கடைசி நாளில் அவரவர் நோட்டை அவரவர் கையில் கொடுப்பாய். தாளாளர் ஒருமுறை கேட்டதற்கே நீ கொடுக்கவில்லை. சாவியைத் தேடுகிற மாதிரி அரை மணி நேரம் பையைக் கிளறிக்கொண்டிருந்தாய்.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் அந்தச் சாவியை என் கையில் வைத்து, "நோட்டு பத்திரம் மைனி" என்றாய். நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். பாச்சை உருண்டை வாங்கிப் போட்டேன். சாரல் ஈரம் ஏறாமல் அடியில் பலகை வைத்தேன். கரையானும் ஈரமும்தான் எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் ஒரு எதிரி என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆடி மாதம் பெற்றோரைக் கூப்பிட்டு மொழிக் கண்காட்சி வைத்தார்கள். ஸ்பானிஷ் வகுப்பு பேருக்கு நடக்கிறதா, உண்மையாகவே நடக்கிறதா என்று கேட்கிறார்கள், எதையாவது காட்டுங்கள் என்றார் தாளாளர். எழுதியதை மட்டும் ஒட்டினால் யாருக்குப் புரியும், கீழே தமிழும் போட்டுவிடுங்கள் என்றார். நான் யோசிக்கவே இல்லை ரஹ்மத். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ இல்லாமல் தனியாக நடத்தியது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து முப்பத்தொரு நோட்டையும் தமிழில் எழுதினேன். கார்த்திகா எழுதியிருந்தது இது.

'அம்மா ஐந்து மணிக்கு எழுந்துகொள்கிறாள். நான் ஆறு மணிக்கு எழுந்துகொள்கிறேன். தொட்டித் தண்ணீரில் குளித்துக்கொள்கிறேன். அக்கா எனக்குத் தலை சீவிவிடுகிறாள். அப்பா சவரம் செய்துகொள்வதில்லை. அப்பா உள் அறையில் உட்கார்ந்துகொள்கிறார். யாராவது கதவைத் தட்டினால் அப்பா ஒளிந்துகொள்கிறார்.'

கடைசிச் சொல்லை நாங்கள் வகுப்பில் நடத்தவில்லை. 'செ எஸ்கோந்தே' என்பதை அவளே நூலக அகராதியில் தேடி எடுத்திருக்கிறாள். நானும் உன் பழைய அகராதியைப் புரட்டித்தான் 'ஒளிந்துகொள்கிறார்' என்று எழுதினேன். அக்கா சீவிவிடுகிற இடத்தையும் தானே செய்துகொள்கிற இடத்தையும் பிசகாமல் பிரித்து எழுதியிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டேன். ஒரு மனிதர் சவரம் செய்யாமல், கதவு தட்டினால் ஒளிந்துகொண்டு ஒரு வீட்டுக்குள் இருக்கிறாரே, அவர் யார், ஏன் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. வினைச்சொல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

கண்காட்சி அன்றைக்கு நல்ல சாரல். பிள்ளைகளைச் சீருடை மடிப்புக் கலையாமல் அவரவர் சார்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தோம். சார்ட்டில் தமிழ் வரும் என்று நான் அவர்களிடம் சொல்லவே இல்லை. கார்த்திகா வந்து பார்த்தபோது அது சுவரில் ஏறியாகிவிட்டது. பிற்பாடு யோசித்துப் பார்த்தால், அவள் சார்ட்டை மறைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். "நேர நில்லுட்டி, எல்லாரும் பாக்கட்டும்" என்று நான்தான் தோளைப் பிடித்து நகர்த்தி நிறுத்தினேன்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தார். "ஏட்டி, உங்க அப்பா சவூதியிலல்லா இருக்காவ?" என்று கேட்டார். கார்த்திகா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பிள்ளைக்குக் கூச்சம் என்று நினைத்தேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாயத் தொறந்து சொல்லுட்டி, நீயா எழுதினதுதான?"

"ஆமா டீச்சர்" என்றாள். எனக்குத்தான் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் வரவில்லை.

அவள் தெருவிலேயே இருக்கிற வசந்தா டீச்சர்தான் நாலு நாள் கழித்து எனக்கு விவரம் சொன்னாள். கார்த்திகாவின் அப்பா சவூதியில் ஏ.சி. மெக்கானிக். வேலை போய், பொங்கலுக்கு முன்னாலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார். விடிவதற்கு முன்னால் வந்து வீட்டுக்குள் போனவர் அப்புறம் வாசலைத் தாண்டவில்லை. சவூதியிலேயே இருக்கிறார் என்றுதான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். ஏனென்றால் மூத்தவள் உமாவுக்கு ராயகிரியில் ஒரு ராணுவத்துப் பையனைப் பேசி முடித்திருந்தது. சவூதிக்காரர் வீட்டுப் பெண் என்றுதான் பேச்சே ஆரம்பித்தது. ஆவணியில் நிச்சயம் வைத்திருந்தார்கள். கண்காட்சியில் கண்ணாடி போட்டு வாசித்த அம்மா, மாப்பிள்ளைக்கு அத்தை.

"நல்லதுக்குத்தான் செண்பகம். பொய் எத்தன நாளைக்கு நிக்கும்? கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா இன்னும் மோசம்லா" என்றாள் வசந்தா. எனக்காகத்தான் சொன்னாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அந்தப் பொய் நிற்குமா விழுமா என்பது அவர்கள் பாடு. அதைப் பிடித்துத் தள்ள நான் யார்? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? என்னைத் திட்டியிருப்பாயா, இல்லை, ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருப்பாயா? இரண்டாவதைத்தான் என்னால் தாங்க முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாய்க்காலை ஒட்டின தெரு. கதவு பாதிதான் திறந்தது. அவள் அம்மா செல்வி வாசலிலேயே நின்றார், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"எதுக்கு டீச்சர் வந்திய? இன்னும் ஏதும் எழுதி ஒட்டணுமா?"

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன்.

"யாரு கேட்டு என்ன ஆவப்போவுது? பெட்டி வரைக்கும் வாங்கியாச்சு டீச்சர்" என்று கதவை முழுக்கத் திறந்து காட்டினார். கட்டிலின்மேல் புதுப் பெட்டி ஒன்று, கைப்பிடியில் சுற்றின பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் இருந்தது. "சோப்பு, செண்டு, பாதாம், கம்பளி எல்லாம் இங்கன ஃபாரின் சாமான் கடையிலயே வாங்கி அடுக்கிட்டோம். ஆவணி பொறந்ததும் விடியு முன்னால அவுகள செங்கோட்ட வழியா திருவனந்தபுரத்துல கொண்டு விட்டுட்டு, அங்கன இருந்து காரு வச்சு, இப்பத்தான் சவூதியிலேந்து வந்த மாதிரி எல்லாரும் பாக்கக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தோம். நேத்து ராயகிரியிலேந்து ஆள் வந்தாவ. ஆவணி கழியட்டும், பாக்கலாம்னுட்டாவ. அப்படின்னா என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாதா?"

உமா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. கார்த்திகாவைக் காணவில்லை. உள் அறைக் கதவு மூடியிருந்தது.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்போது அந்த உள் அறைக் கதவு திறந்து அவர் வெளியே வந்தார். தாடி நெஞ்சு வரைக்கும் இறங்கியிருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார். செல்வி "நீங்க எதுக்கு வாரிய?" என்று பதறினார். அவர் காதில் வாங்கவில்லை.

"டீச்சர், எம் மவ எழுதினதுல தப்பு ஏதும் உண்டுமா?"

"ஒண்ணுகூட இல்ல அண்ணாச்சி."

"பொறவு ஏன் பிள்ள சாப்பிடாமக் கெடக்கு?"

"தப்பு என்னுது. யாருக்கும் காட்ட மாட்டோம்னு சொன்ன நோட்டு அது. நான் காட்டிட்டேன்."

அதை அந்தப் பாஷையில் சொல்லிக் காட்டுங்கள் என்றார் அவர். எனக்கு அது மனப்பாடமாகியிருந்தது. பத்து நாளாக அதுதானே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னேன். கடைசிச் சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னேன். "அது என்ன கடைசில?" என்றார். தமிழில் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"நெசந்தான எழுதியிருக்கா" என்றார். "ஏழு மாசமா எம் மூஞ்சிய நானே பாக்கல டீச்சர். பிள்ளதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு."

அடுத்த வாரம் அவர் சவரம் செய்துகொண்டு, தனியாகப் பஸ் ஏறி ராயகிரிக்குப் போனார். வேலை போய்த்தான் ஊருக்கு வந்தேன், பொய் சொன்னதும் நான்தான், பெண்மேல் குறை இல்லை என்று சொல்லியிருக்கிறார். காப்பி கொடுத்தார்களாம். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். இன்னும் சொல்லவில்லை. ஆவணி பிறந்து பாதி போய்விட்டது. இப்போது மேலகரத்தில் ஒரு கடையில் ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறார். வசந்தா அதைக் காட்டி, "பாத்தியா, நான் சொன்னம்லா" என்கிறாள். நல்லது நடந்திருக்கலாம். அதை என் கணக்கில் எழுதிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. உமா இன்னும் என்னைப் பார்ப்பதில்லை, அவளைக் குறை சொல்லவும் முடியாது.

கார்த்திகா திரும்ப வந்துவிட்டாள். ஒரு திங்கட்கிழமை அப்பா சைக்கிளில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டார். மோவாயில் பிளேடு கீறின காயம் இருந்தது. பார்க்கிற ஜனமெல்லாம் பார்க்கட்டும் என்று மணி அடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார். எனக்கு உயிர் வந்தது மாதிரி இருந்தது. இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை ரஹ்மத். போன வாரம் அதே பாடத்தில் மறுபடி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். அவள் நோட்டைத் திறந்தேன். 'ஏழு மணிக்கு எழுந்துகொள்கிறேன். ஷவரில் குளித்துக்கொள்கிறேன். பத்து மணிக்குப் படுத்துக்கொள்கிறேன்.' புத்தகத்துப் பையன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அந்த வீட்டில் ஷவர் கிடையாது, தொட்டியும் சொம்பும்தான். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மற்ற நோட்டுகளையும் புரட்டினேன். முப்பத்தொரு பிள்ளைகளும் ஏழு மணிக்கு எழுந்துகொள்கிறார்கள். முப்பத்தொரு வீட்டிலும் ஷவர் இருக்கிறது. நீ ஆறாம் வகுப்பிலிருந்து அவர்களிடம் வளர்த்த ஒன்றை நான் ஒரே நாளில் பிடுங்கிப் போட்டுவிட்டேன். எல்லாருக்கும் முழு மார்க் போடவேண்டியிருந்தது.

இந்தக் கடிதம் பத்திரிகையில் வந்தால் நாலு பேர் படிப்பார்கள் என்பதால், எழுதுவதற்கு முன்னால் அவளிடமும் அவள் அப்பாவிடமும் கேட்டேன். இந்த முறை கேட்டேன். அப்பா சரி என்றார். அவள் கொஞ்சம் யோசித்து, "எம் பேர மாத்திருங்க டீச்சர்" என்றாள். என்ன பேர் போட என்றேன். "கார்த்திகான்னு போடுங்க" என்றாள். ஊரையும் தெருவையும் வேலையையும்கூட அங்கங்கே மாற்றியிருக்கிறேன். எதை எதை என்று கேட்காதே.

உனக்கு என்ன வாக்குக் கொடுப்பேன்? கண்காட்சி என்று இனி யார் வந்து கேட்டாலும் நானும் உன்னைப் போலப் பைக்குள் சாவி தேடுவேன். நாளைக்கு வகுப்பில் பிள்ளைகளை எழுதச் சொல்ல மாட்டேன். நானே கரும்பலகையில் என் நாளை எழுதப்போகிறேன். ஐந்தரைக்கு எழுந்துகொள்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். செத்துப்போன சிநேகிதியோடு மனசுக்குள் பேசிக்கொள்கிறேன். உங்கள் நோட்டைக் காட்டியதற்காக வெட்கப்பட்டுக்கொள்கிறேன். சிரித்தால் சிரிக்கட்டும். மறுபடி உண்மையை எழுதச் சொல்லி அவர்களைக் கேட்கவும் மாட்டேன். எழுதினால் பூட்டி வைப்பேன்.

என்றைக்காவது ஒருநாள் கார்த்திகா மறுபடி தன் வீட்டை எழுதிக் கொண்டுவருவாள். ஒருவேளை கொண்டுவராமலும் போகலாம். கொண்டுவந்தால், அதில் என்ன இருக்கிறது என்று உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் ரஹ்மத்.

உன் மைனி,
செண்பகம்